விருந்தாளி போன பிறகு வைத்த குழம்பு

"உப்பு கூடினா ஊரே சொல்லும், உப்பு சரியா இருந்தா…" இதற்குப் பிறகு எங்கள் பெரியப்பா என்ன சொல்வார் என்பது மறந்துவிட்டது சார். கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவ எழும்போது சொல்வார். இரண்டாவது பாதியில் இலை என்று ஒரு வார்த்தை வரும். இலையை மூடுவதைப் பற்றி ஏதோ. காலையிலிருந்து யோசிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

உட்காருங்கள், தாராளமாக உட்காருங்கள். இந்தப் பெஞ்சே நம்மைப் போன்ற பை பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான். உங்களிடம் எத்தனை? நாலா? என்னிடம் மூன்று. இது என்னுடையது, இது மகளுடையது, இந்தப் பெரிய பை மனைவியுடையது. மகள் அதோ, அந்த ராட்சத ஊஞ்சல் வரிசையில், மஞ்சள் சட்டை. தாரணி. பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். காத்திருக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்று பலகையில் போட்டிருக்கிறான். மனைவியா? அவள் ஊஞ்சலுக்கு வரவில்லை. அங்கே நீலக் கண்ணாடி போட்ட கட்டிடம் தெரிகிறதல்லவா, இந்தப் பார்க்கின் ஆபீஸ், அங்கே இருக்கிறாள். மூன்று மணிக்கு ஒரு மீட்டிங். மணி என்ன சார் ஆகிறது? இரண்டு பத்தா? என் போனிலும் மணி இருக்கிறது. அதைத் திறந்தால் மற்றதையும் பார்க்க வேண்டும்.

இதோ, மறுபடி அதிர்கிறது பாருங்கள். நேற்றிலிருந்து இப்படித்தான்.

என் பெயர் தாணுமூர்த்தி. போனில் 'தாணுவின் தட்டு' என்ற பக்கம் பார்த்திருக்கிறீர்களா? இல்லையா? பரவாயில்லை. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். எங்கே சாப்பிட்டாலும் படம் எடுத்து, நாலு வரி எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். யாரிடமும் ஓசியில் ஒரு காபி குடித்ததில்லை. போட்ட பதிவை எடுத்ததில்லை. திருநெல்வேலியில் ஒரு ஓட்டல்காரர், மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து கெஞ்சினார். நான் எடுக்கவில்லை. வேண்டுமானால் சாம்பாரை மாற்றுங்கள், மறுபடி வந்து சாப்பிட்டுப் புதிதாக எழுதுகிறேன் என்றேன். நியாயம்தானே?

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை சார். தோஹாவில் பத்தொன்பது வருடம் எனக்கு இதுதான் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் பெரிய சமையற்கூடம். வெள்ளைக் கோட்டு, ஒரு படிவம், ஒரு டம்ளர் வெந்நீர். ஒரு நாளைக்கு அறுபது பதார்த்தம் வரும். ஒன்றுக்கு இரண்டு கரண்டி, அதற்குமேல் கிடையாது. மூன்றாவது கரண்டியில் நாக்கு சமாதானமாகிவிடும், குறை தெரியாமல் போய்விடும். எனக்குச் சொல்லிக் கொடுத்த கோவாக்காரர் இதை மந்திரம் மாதிரிச் சொல்வார். எட்டாவது வரைக்கும் நான் தமிழில் படித்தவன், பிறகு இங்கிலீஷ். ஆகவே இன்றைக்கும் எனக்குப் பசி தமிழில் வரும், குறை இங்கிலீஷில் வரும். உட்கார்ந்து அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

குடும்பம் பாளையங்கோட்டையில் இருந்தது. வருடத்துக்கு முப்பது நாள் லீவு. பத்தொன்பது லீவு வந்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரேயடியாக வந்துவிட்டேன்.

ஊஞ்சல் நின்றுவிட்டதா? இல்லை, ஆள் மாற்றுகிறான். அவள் இன்னும் அந்தத் தூணைத் தாண்டவில்லை.

போன மாதம் ஒரு நாள் காந்திமதி, என் மனைவி, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு கம்பெனில மூணு நாள் ரூம் தாராங்க. பெரிய பார்க்காம், உள்ளயே தங்கலாம். தாரணிக்கும் பரீச்சை முடிஞ்சிட்டு. போவமா?" நான் என்ன கேட்டேன் தெரியுமா? எந்தக் கம்பெனி, எதற்குத் தருகிறான் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது, "உள்ளே எத்தனை ஓட்டல்?" ஐந்து என்றாள். மூன்று நாள், ஐந்து ஓட்டல். ஒரு தொடர் எழுதலாம் என்று அப்போதே தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் வந்து இறங்கினோம். பஃபே. பொங்கலுக்கு மூன்று கொடுத்தேன், சட்னிக்கு ஒன்று. அந்தச் சட்னியில் தேங்காய் சாட்சி சொல்ல வந்த மாதிரி ஓரமாக நின்றது. மத்தியானம் கடற்கொள்ளைக்காரன் கப்பல் மாதிரி ஒரு ஓட்டல். பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சூப் கொண்டுவந்தால் எங்கே ஊற்றுவான்? என் முழங்கையில் ஊற்றினான். ஒன்றரை. சாயங்காலம் விண்வெளி ஓட்டல். தட்டில் பள்ளம் பள்ளமாக, சாதம் ஒரு பள்ளத்தில், குழம்பு ஒன்றில், ஒரு சின்னக் கேக், மேலே வெள்ளித்தாள். அதற்கு நான்கு கொடுத்தேன். தாரணி கேலி செய்தாள். "அப்பா, இது ஏரோப்ளேன் சாப்பாடுல்லா? அதான் நாலு!" அப்படி இல்லை, அளவு சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது என்று சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா தட்டைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு சார். தட்டு வந்ததும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் மூன்று படம் எடுப்பேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பிட்டு வைத்து ஒன்று. பிறகு முதல் கரண்டி என்னுடையது. குறிப்பு எழுதின பிறகு மற்றவர்கள் சாப்பிடலாம். அன்றைக்கு தாரணி, "ஆறிப்போச்சுப்பா" என்றாள். காந்திமதி சிரிக்காமல் சொன்னாள், "பொறு, அதையும் எழுதுவாங்க, ஆறிப்போய் வந்துச்சுன்னு."

நான் அப்படி எழுதியதே இல்லை. ஒன்றிரண்டு தரம் எழுதியிருக்கலாம்.

இரண்டாம் நாள் விடியற்காலை விழித்தால் பக்கத்தில் ஆள் இல்லை. நடக்கப் போயிருக்கிறாள் என்றாள் தாரணி, போர்வைக்குள்ளிருந்து. எட்டு மணிக்கு வந்தாள். நடந்துவிட்டு வந்தவள் மாதிரி வேர்த்திருந்தது. ஆனால் அறை முழுக்கச் சின்ன வெங்காயம் வதக்கின வாசனை. குளிக்கும் துண்டில், தலையணையில், எல்லாவற்றிலும். நான் கீழே ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, உங்கள் சலவை அறையும் அடுக்களையும் ஒரே சுவரா என்று கேட்டேன். துண்டை மாற்றித் தரச் சொன்னேன். காந்திமதி ஜன்னல் பக்கம் நின்று கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குலுங்கினாள். தூக்கத்தில் இருமுகிறாள் என்று நினைத்தேன்.

மணி என்ன சார்? இருபத்தைந்தா? தண்ணீர் குடிக்கிறீர்களா? நான் எழுந்து எழுந்து உட்காருகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அன்று மத்தியானம்தான் அந்த மண்சட்டி ஓட்டல். கிராமம் மாதிரி செய்து வைத்திருக்கிறான் பாருங்கள், போயிருப்பீர்கள். பிளாஸ்டிக் வாழைமரம், உள்ளே விளக்கு எரிகிற கிணறு, தலைப்பாகை கட்டினவன் காதில் ஒயர். அதற்கெல்லாம் மனசில் மார்க்கைக் குறைத்துக்கொண்டே உள்ளே போனேன். காந்திமதி வரவில்லை. "தலை வலிக்கி, நீங்க போங்க, நான் ரூம்ல தயிர்சாதம் சொல்லிக்கிடுதேன்" என்றாள். எனக்குக் கப்பல் ஓட்டலில் மீன் பாக்கி இருந்தது, அங்கே போகலாம் என்றேன். தாரணி கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் என் கையைப் பிடித்து ரொம்ப நாளாகிறது, அதனால் போனேன்.

'தென்பாண்டிச் சமையல், மூன்று நாள் மட்டும்' என்று வாசலில் தட்டி. சோறு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு. அவ்வளவுதான். தாரணி என் தட்டைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று படம் எடுத்தேன். ஒரு கரண்டி. வெந்நீர். இன்னொரு கரண்டி.

"எப்படிப்பா இருக்கு?"

"இரு."

"சொல்லுங்க."

"உப்பு ஒரு கல் குறைவு. புளி முன்னால் வருது. எண்ணெய் நல்லெண்ணெய்தான், அதுல ஏமாத்தல. ஆனா ஒரு இது இல்ல."

"என்ன இது?"

"யாரையும் மனசுல வச்சுக்கிட்டு செய்யல."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னொரு வாய் சாப்பிடுங்கப்பா. சோத்துல நல்லாப் பிசைஞ்சு சாப்பிடுங்க. கரண்டில எடுத்தா எப்படித் தெரியும்?"

"ரெண்டுக்கு மேல கிடையாது. உனக்குத் தெரியுமே."

"ஒரே ஒரு வாய். எனக்காக."

நான் சாப்பிடவில்லை. விதி என்றால் விதி. எனக்காக, உனக்காக என்று ஆரம்பித்தால் அப்புறம் மார்க்குக்கு என்ன மரியாதை? அவள் என் தட்டையும் இழுத்து வைத்து இரண்டையும் சாப்பிட்டு முடித்தாள். விரலைக்கூட நக்கினாள். நான் மேசையிலேயே எழுதிப் போட்டுவிட்டேன். ஐந்துக்கு இரண்டு. உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேனே. இல்லை, போனைத் திறக்க வேண்டாம், மனப்பாடமாகவே இருக்கிறது. 'நிறம் சரி. எண்ணெய் சுத்தம். உப்பு தயங்குகிறது. இது விருந்தாளிக்கு வைத்த குழம்பு இல்லை. விருந்தாளி கிளம்பிப் போன பிறகு, அப்பாடா என்று வைத்தது.'

எப்படி இருக்கிறது? நல்ல வரிதானே? நானே இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் நானூறு பேர் அதைத் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போன வரி அந்தக் கடைசி வரிதான். ஒருவர், 'என் மாமியார் வீட்டுக் குழம்பை எப்போது சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டிருந்தார்.

சாயங்காலம் அலைக்குளத்துப் பக்கம் காந்திமதி காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வரி எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்றாள்.

"எந்த வரி?"

"கிளம்பிப் போன பிறகு, அப்பாடான்னு."

"அனுபவந்தான். ருசி பாத்தா வச்ச ஆள் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிட்டாக்கும்?"

"முகம் தெரியாது. மனசு தெரியும்."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "உப்பு கொறச்சல்னா எவ்வளவு கொறச்சல்?" என்று கேட்டாள். நூறு பேருக்கு ஒரு கை என்றேன். "சரிதான்" என்றாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள். என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதே கிடையாது. எனக்கு, மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். மூன்று வருடம் இருக்கும். குழம்புப் பொடி திரித்து அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன், நல்லா இருக்கு என்கிறார்கள் என்று போனில் சொன்னாள். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். நான் அதைச் சும்மா விடவில்லை. எங்கள் கூடத்துப் படிவத்திலேயே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நிறம் மூன்று, மணம் இரண்டரை, பொட்டலம் ஒன்று, திருத்த வேண்டியவை பதினாலு. வேறு யாராவது இருந்தால், அருமை என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் ஒரு அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். மிளகாய் நெடி வரும். கேட்டால், ஈரத்துக்குச் சுவர் நெடியடிக்கிறது என்பாள்.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது சார், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு இன்று காலை வரைக்கும் தெரியாது. நீங்கள் கேட்கிறீர்கள், நான் சொல்கிறேன், கோவையாக வருகிறது. உள்ளே இருக்கிறவனுக்கு அப்படியா வரும்?

இன்று காலை பஃபேயில் நானும் தாரணியும் உட்கார்ந்திருந்தோம். கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார், கழுத்தில் அட்டை, ஜெயசீலன், உணவுப் பிரிவு மேலாளர். "சார், நீங்கதான 'தாணுவின் தட்டு'?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே எனக்கு மாதுளைச் சாறு வந்தது. அதை நான் தொடவில்லை, அது வேறு விஷயம். அவர் சொன்னார், "உங்க பதிவ எங்க எம்.டி. பாத்துட்டார் சார். அந்தக் குழம்பு ஒரு அம்மா திருநெல்வேலிலேருந்து வந்து வைக்கிறாங்க. ட்ரையல். நல்லாப் போனா எங்க மூணு பார்க்குக்கும் பொடி அவங்கதான்னு இருந்துச்சு. சாப்பிட்டவங்க நல்லாத்தான் எழுதிக் கொடுத்தாங்க. நான்கூட ஓகே சொல்லியிருந்தேன். இப்ப எம்.டி. யோசிக்கிறார். மூணு மணிக்கு மீட்டிங். நீங்களே அந்தம்மாட்ட என்ன குறைன்னு சொன்னா அவங்களுக்கும் உதவியா இருக்கும். மேடம்! மேடம், இங்க வாங்க!"

அடுக்களைக் கதவு திறந்தது. தலையில் பச்சை வலைத்தொப்பி, மேலே ஏப்ரன், கையில் கரண்டி. காந்திமதி.

நான் என்ன செய்திருக்க வேண்டும் சார்? எழுந்திருக்க வேண்டும், 'இது என் மனைவி' என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவர், 'வீட்டுச் சண்டையை எங்கள் பார்க்கில் வைத்தா தீர்க்கிறீர்கள்' என்று நினைப்பாரா, இல்லை, முந்தாநாளே பேசிவைத்துக்கொண்டு செய்தது என்பாரா, ஒன்றும் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து, "வணக்கம் சார்" என்றாள்.

நானும், "வணக்கம்மா" என்றேன்.

இருபத்து மூன்று வருடம் ஆகிறது சார் கல்யாணமாகி.

ஜெயசீலன், "சார் பெரிய ஆளு, நோட் பண்ணிக்கோங்க மேடம்" என்றார். நான் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னேன், புளியைக் கொஞ்சம் பிந்தி ஊற்றலாம் என்று சொன்னேன். அவள், "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினாள். கத்தரிக்காய் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். அது பதிவில் இல்லையே சார் என்றாள். தாரணி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தபோது இரண்டும்தான்.

வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றோம். காந்திமதி வலைத்தொப்பியைக் கழற்றவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா ரெண்டு பக்கம் எழுதுவீங்க."

"அப்ப எதுக்கு அங்க கூட்டிட்டுப் போனா இவ?"

தாரணி குறுக்கே விழுந்தாள். "அம்மா வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு வாய் வச்சதும் கண்டுபிடிச்சிருவீங்க, ஏ, இது உங்கம்மா வச்சதுல்லான்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். பெரிய நாக்கு!"

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் காந்திமதி. பிறகு என்னிடம், கோபமாகக்கூட இல்லை சார், சந்தேகம் கேட்கிற மாதிரி, "நெசமாவே தெரியலையா?" என்றாள்.

"நீ எனக்கு இப்படி ஒரு குழம்பு வச்சதே இல்லையே காந்தி."

"லீவுக்கு வர்ற மனுசனுக்கு யாரு புளிக்குழம்பு வைப்பா?" என்றாள்.

அது உண்மை. நான் வந்தால் முதல் நாள் சொதி. மறுநாள் ஆட்டுக்கறி. அப்புறம் மீன், கோழி, இடியாப்பம், தேங்காய்ப்பால். முப்பது நாளும் கல்யாண வீடு மாதிரி. இந்தக் குழம்பு மற்ற பதினோரு மாதத்துக் குழம்பாம். தாரணி சொன்னாள், "உங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தா அன்னைக்கு வீட்டுல இதான்பா. சோறு, துவையல், அப்பளம், இந்தக் குழம்பு. டிவி முன்னாடி தட்ட வச்சுக்கிட்டு. சின்னப்பிள்ளைல எனக்கு இந்த வாசனை வந்தா அப்பா போயாச்சுன்னு அர்த்தம். அழுதுகிட்டே மூணு தரம் வாங்கிச் சாப்பிடுவேன். நீங்க எழுதினது கரெக்ட். ஒரு எழுத்து தப்பில்ல."

பாருங்கள், வரி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நான் வந்து எட்டு மாதம் ஆகிறது என்று சொன்னேன் அல்லவா. எட்டு மாதமும் சொதிதான், ஆட்டுக்கறிதான், மீன்தான். ஏழு கிலோ கூடிவிட்டேன். ஒரு நாள்கூட அந்தக் குழம்பு தட்டுக்கு வரவில்லை. அவ்வளவு கவனிப்பு. எந்த வீட்டில் சார் எட்டு மாதம் ஒருவனை இப்படிக் கவனிப்பார்கள்?

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, அதை விடுங்கள். இப்போது பிரச்சினை அது இல்லை. மூன்று மணி மீட்டிங். நான் கேட்டேன், "பதிவை எடுத்துரட்டுமா? இப்பவே எடுத்துருதேன்." என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததே இல்லை சார். ஓட்டல்காரர் மைத்துனருடன் வந்தபோது வராத வார்த்தை.

"எடுக்காதீங்க" என்றாள். "காலையில பேசிட்டு மத்தியானம் எடுத்தா என்ன நெனப்பாங்க? நான் ஆள் பிடிச்சேம்பாங்க. எம்பொடி எம்பொடியா நிக்கட்டும்."

"அப்ப மார்க்க மாத்தட்டுமா? நாலு போடுதேன்."

"மார்க்கத் தொடாதீங்க. உப்பு கொறச்சல்தான், நேத்து எனக்கே தெரியும். நீங்க வந்து உக்காருவீங்கன்னு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்ததுல ஒரு கை விட்டுப்போச்சு. இன்னைக்குச் சரியாப் போட்டிருக்கேன்."

"நான் என்னதான் செய்யட்டும்?"

"எது நெசமோ அத எழுதுங்க. நேத்தும் அதத்தான செஞ்சிய?" என்று சொல்லிவிட்டு, இந்தப் பையை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நேராக அங்கிருந்து மீட்டிங்.

மணி பார்த்துச் சொல்லுங்கள் சார். நாற்பதா? தாரணி தூணைத் தாண்டிவிட்டாள், அடுத்த ஆட்டம் அவள்தான். கையசைக்கிறாளா? எனக்கா? உங்கள் பிள்ளைகளுக்காக இருக்கும்.

'தாணுவின் தட்டு' பக்கத்தில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் சமைத்ததற்கு மார்க் போடுவதில்லை. அந்த விதிப்படி பார்த்தால் பதிவே செல்லாது, எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுக்காதே என்கிறாள். இன்னொரு பக்கம் பார்த்தால், சாப்பிடும்போது எனக்குத் தெரியாது. தெரியாதவர் சமைத்ததாகத்தான் சாப்பிட்டேன். அப்படியானால் விதி இதற்குப் பொருந்தாது, பதிவு செல்லும். மத்தியானத்திலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். பெஞ்சிலிருந்து அந்தக் குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டியிலிருந்து பெஞ்சு. நீங்கள் வந்ததால் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்களா? சாப்பிட்டேன். மண்சட்டியில்தான். தாரணி வரமாட்டேன் என்றுவிட்டாள். தனியாகப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். படம் எடுக்கவில்லை. போன் பையில் இருந்தது. கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்தேன். மூன்றாவது வாயில் கோவாக்காரர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது, குறை ஒன்றும் தெரியவில்லை. நாலாவது, ஐந்தாவது. தலைப்பாகைக்காரன் வந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா சார்?" என்றான். ஊற்றினான். அந்தக் குழம்பில் யாரோ இரண்டு பேர் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் சார். காலை நீட்டிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு. நான் கதவுக்கு வெளியே பெட்டியோடு நிற்கிறேன். அப்படி ஒரு ருசி. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

உப்பா? உப்பைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. நீங்கள் கேட்கும்போதுதான்… இருங்கள். 'உப்பு சரியா இருந்தா இலையை மூடிட்டுப் போயிருவான்.' இதுவா? இல்லை. 'இலையை மூட மறந்திருவான்.' இதுவும் இருக்கலாம். பெரியப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, யாரிடம் கேட்பது.

அதோ, ஏறிவிட்டாள். கம்பியைப் பூட்டுகிறார்கள். மஞ்சள் சட்டை, வலது ஓரம், தெரிகிறதா? என்ன மணி?

நான் போனை எடுத்தேனே இப்போது, நீங்கள் உங்கள் பிள்ளைக்குக் கையசைத்தபோது. பதிவை எடுக்கவில்லை. இரண்டு மார்க்கை மாற்றவில்லை. அதன் கீழே, 'இந்தக் குழம்பை வைத்த காந்திமதி என் மனைவி. எனக்கு அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிப் போட்டுவிட்டேன்.